செவியும் பேச்சும் படிக்க வருவோருக்கு: கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கான வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு மருத்துவம் சார்ந்த படிப்பொன்றைத் தேடும் மாணவர்கள், கலந்தாய்வுப் பட்டியலில் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற எழுத்துகளைப் பார்த்து, அது என்ன படிப்பு என்று கேட்பதுண்டு. செவித்திறனையும் பேச்சு–மொழிக் கோளாறுகளையும் ஒருங்கே கற்பிக்கும் நான்காண்டு இளநிலைப் பட்டம் அது. மூன்று ஆண்டுகள் வகுப்பும் கிளினிக்குமாகவும், நான்காம் ஆண்டு முழுவதும் பயிற்சிக் காலமாகவும் அமைந்திருக்கும். பிறந்து இரண்டு நாளான குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது, மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையை மதிப்பிடுவது, திக்கிப் பேசுபவருக்கும் அண்ணம் பிளந்து பிறந்த குழந்தைக்கும் பேச்சுப் பயிற்சி அளிப்பது, பக்கவாதத்தில் பேச்சையும் விழுங்கும் திறனையும் இழந்தவரை மீட்பது, முதியவர்களுக்குக் காது கேட்கும் கருவியைப் பொருத்துவது ஆகிய அனைத்தும் இந்த ஒரே பட்டத்தின் எல்லைக்குள் வருகின்றன.

இத்துறையின் பாடநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பேசும் குழந்தையையும் ஆங்கிலம் பேசும் முதியவரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம்மிடம் வருபவர்களோ பண்ருட்டித் தமிழும் பாகூர்த் தமிழும் தேவனாம்பட்டினத்து மீனவர் தமிழும் பேசுகிறவர்கள். இந்த இடைவெளியை யாரும் நமக்காக நிரப்பித் தரமாட்டார்கள். முதல் ஆண்டிலிருந்தே தம் ஊர்ப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு, பதிவுசெய்து, பகுத்துப் பார்க்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளும் மாணவரே இந்தப் படிப்பின் முழுப் பயனையும் அடைவார் என்பது என் உறுதியான கருத்து. இந்த வழிகாட்டியும் அந்தக் கருத்தை ஒட்டியே எழுதப்படுகிறது.

சேர்வதற்கு முன்

முதலில் சரிபார்க்க வேண்டியது அங்கீகாரம். இந்தியாவில் இப்படிப்பை ஒழுங்குபடுத்துவது இந்திய மறுவாழ்வுக் கழகம். 1992-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி அமைந்த அக்கழகம் ஏற்பளித்த கல்லூரியில் படித்தவர்தான் பட்டம் பெற்றபின் மையப் பதிவேட்டில் தம் பெயரைச் சேர்த்துத் தொழில் செய்ய முடியும். எனவே கல்லூரியின் விளம்பரத் தாளையோ அலுவலகத்தில் சொல்லும் சொல்லையோ மட்டும் நம்பாமல், கழகத்தின் இணையதளத்தில் அந்தக் கல்லூரியின் பெயரும் படிப்பின் பெயரும் நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு ஏற்பில் உள்ளனவா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். ஏற்பு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கே அளிக்கப்பட்டுப் பின் புதுப்பிக்கப்படுவதால், பழைய ஆண்டுக் கடிதத்தைக் காட்டினால் அது போதாது.

இரண்டாவது, பட்டயத்தையும் பட்டத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு–கேட்பு நிறுவனம், டி.எச்.எல்.எஸ். எனப்படும் ஓராண்டுப் பட்டயப் படிப்பை வெளியூர் மையங்கள் வழியாகவும் நடத்தி வந்திருக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் அவற்றுள் ஒன்று. இந்தப் பட்டயம் உதவியாளர் நிலைப் பணிக்கானது. வீட்டுச் சூழல் காரணமாக விரைவில் வேலைக்குச் செல்ல வேண்டியவருக்கு இது மதிப்புள்ள வழிதான்; ஆனால் தனித்து நோயறிந்து சிகிச்சையளிக்கும் தகுதி பட்டப்படிப்பால்தான் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

சேர்க்கை முறையில் நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கடலூரிலிருந்து பேருந்தில் ஏறினால் முள்ளோடையைத் தாண்டியதும் புதுச்சேரி மாநிலம் வந்துவிடுகிறது. ஆனால் சேர்க்கை விதிகளுக்கு அந்த எல்லைக்கோடு மிகப் பெரியது. தமிழ்நாட்டு மாணவர்கள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பி.ஏ.எஸ்.எல்.பி.யும் இடம்பெறுகிறது. புதுச்சேரி மாணவர்களுக்கு அவ்வரசின் சென்டாக் சேர்க்கைக் குழு தனி. இருப்பிடச் சான்று எந்த அரசிடமிருந்து பெறப்பட்டது, எத்தனை ஆண்டுகள் எங்கே படித்தீர்கள் என்பவற்றைப் பொறுத்தே எந்த ஒதுக்கீட்டில் நீங்கள் வருவீர்கள் என்பது முடிவாகும். வீடு ரெட்டிச்சாவடியிலும் பள்ளி புதுச்சேரியிலும் இருக்கும் மாணவர்கள் இதைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சான்றிதழ் வாங்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைவதற்கு ஜூன் மாதத்தில் நேரம் இருக்காது.

சென்னைப் பக்கம் போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம்., சென்னைக் காது–மூக்கு–தொண்டை ஆராய்ச்சி அறக்கட்டளையின் பேச்சு–கேட்பு நிறுவனம் ஆகியவை இப்படிப்பை நடத்திவரும் அறியப்பட்ட இடங்கள். தேசிய அளவில் 1965-இல் தொடங்கப்பட்ட மைசூர் நிறுவனமும், 1983-இல் மும்பையில் தொடங்கப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் முதன்மையானவை. மைசூருக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கான அறிவிப்பு மாநிலக் கலந்தாய்வுக்கு முன்பே வெளிவரக்கூடும் என்பதால், பொதுத்தேர்வு முடிந்த கையோடு நாளிதழையும் இணையதளத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மைசூருக்குப் போகும் தமிழ் மாணவர் கன்னடத்தில் நோயாளிகளிடம் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அது சுமையாகத் தோன்றினாலும், இரண்டு திராவிட மொழிகளின் பேச்சை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு பின்னால் பெரிதும் உதவும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு முறையாவது பேச்சுப் பயிற்சி நடக்கும் இடத்தை நேரில் பாருங்கள். மாவட்டங்களில் இயங்கும் குழந்தைகளுக்கான தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்கள், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் வருபவை. அவற்றில் பேச்சுப் பயிற்சியாளருக்கும் இடமுண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்தையும் அனுமதி பெற்றுப் பார்த்துவரலாம். ஒரே ஓசையை வரவழைப்பதற்காக ஒரு பிள்ளையுடன் அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து விளையாடும் பொறுமை தமக்கு உண்டா என்று அங்கே தெரிந்துவிடும்.

முதலாண்டின் தடை: ஒலியும் கணக்கும்

கணிதம் இல்லாத அறிவியல் பிரிவில் படித்து வரும் மாணவர்கள் முதல் பருவத்தில் தடுமாறுவது உடற்கூற்றியலில் அன்று, ஒலியியலில். ஒலியின் வலுவைக் குறிக்கும் டெசிபல் என்பது மடக்கை அளவு. ஒலியழுத்தம் இருமடங்கானால் 6 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 20 டெசிபல் கூடும். ஆகவே 40 டெசிபல் இழப்பையும் 80 டெசிபல் இழப்பையும் பார்த்து, இரண்டாமவருக்குக் குறை இருமடங்கு என்று நினைப்பது முற்றிலும் தவறு. ஒலியழுத்தத்தில் அந்த இடைவெளி நூறு மடங்கு. பூஜ்யம் டெசிபல் என்பதற்கு ஒலியே இல்லை என்று பொருளில்லை; இயல்பான செவியுடைய இளைஞர்கள் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் மிக மெல்லிய அளவையே, ஆடியோகிராம் என்னும் செவித்திறன் வரைபடத்தில் பூஜ்யம் என்று வைத்திருக்கிறார்கள். எனவே சிலருக்கு அது மைனஸிலும் வரும். இந்த இரண்டையும் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். புரியாமல் மனப்பாடம் செய்தவர் மூன்றாம் ஆண்டில் திரும்பவும் இங்கேதான் வந்து நிற்பார்.

மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றாலும், ஆடியோகிராமில் வழக்கமாக 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையே சோதிக்கிறோம். பேச்சுக்கு வேண்டிய செய்தியெல்லாம் ஏறத்தாழ அதற்குள் அடங்கிவிடுகிறது. தமிழ் உயிரொலிகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது; 'ஸ' போன்ற உரசொலிகள் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒலிக்கின்றன. மேல் அதிர்வெண்களை மட்டும் இழந்த முதியவர், 'பேசுறது கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல' என்று சொல்வதன் காரணம் இதுதான். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடனே ஆடியோகிராமின் வடிவம் உங்கள் மனக்கண்ணில் தோன்ற வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் வரும் மாஸ்கிங் பலரை அச்சுறுத்தும். ஒரு காதுக்குக் கொடுக்கும் ஒலி மண்டையெலும்பு வழியாக மறு காதுக்கும் சென்றுவிடுகிறது. காதின் மேல் வைக்கும் ஹெட்போனில் குறைந்தது ஏறத்தாழ 40 டெசிபல் தணிந்து செல்லும். எலும்பு வழிச் சோதனையிலோ தணிவே இல்லை என்று கொள்ள வேண்டும். அதனால் சோதிக்காத காதுக்கு இரைச்சலைக் கொடுத்து அதை விலக்கி வைக்கிறோம். சூத்திரங்களைப் படிக்கும் முன், ஒரு காது முற்றிலும் கேளாத ஒருவரை மனத்தில் நிறுத்தி, ஒலி எந்த வழியாக எந்தக் காதுக்குப் போகிறது என்று படம் வரைந்து பாருங்கள். படம் சரியானால் சூத்திரம் தானே வரும்.

பேச்சொலியை ஆராய ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான பிராட் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கணினியில் நிறுவி, உங்கள் குரலில் 'ஆ', 'ஈ', 'ஊ' ஆகியவற்றைப் பதிவுசெய்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலு என்று காட்டும் நிறமாலையைப் பாருங்கள். வீட்டில் இருக்கும் பாட்டியின் குரலையும் தம்பியின் குரலையும் அவர்கள் சம்மதத்தோடு பதிவுசெய்து ஒப்பிடுங்கள். கைபேசியின் ஒலிப்பதிவே தொடக்கத்துக்குப் போதும்.

தமிழைக் கற்றல்

தாய்மொழியாகப் பேசுவதாலேயே தமிழின் ஒலியமைப்பு தமக்குத் தெரியும் என்று நினைக்கும் மாணவர்கள் பலர். அப்படித் தெரியாது. எழுத்து முறை பேச்சின் ஒலிகளை மறைத்து வைத்திருக்கிறது என்பதே இதற்குக் காரணம். 'பஸ்' என்பதன் முதல் ஒலியும் 'படம்' என்பதன் முதல் ஒலியும் வெவ்வேறு, எழுத்து ஒன்றே. 'கடல்', 'அகம்', 'தங்கம்' மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. 'மரம்' என்று எழுதுகிறோம். பேசும்போது இறுதி மகரம் உதிர்ந்து முந்தைய உயிர் மூக்கொலியாக மாறிவிடுகிறது. எனவே ஒரு குழந்தையின் பேச்சைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டால், கோளாறு எங்கே என்று காட்டும் நுண்மை அனைத்தும் தொலைந்துவிடும். அனைத்துலக ஒலியெழுத்து முறையை முதல் பருவத்திலேயே கை பழகும்வரை எழுதிப் பார்க்க வேண்டும். எழுத்துகளின் பிறப்பிடம் பற்றிப் பள்ளி இலக்கண வகுப்பில் படித்தது இங்கே நேரடியாக உதவும். அந்தப் பகுதியை மறுபடியும் எடுத்துப் படியுங்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பிளவுபட்ட அண்ணத்தோடு பிறந்து அறுவை செய்துகொண்ட குழந்தையின் பேச்சில் மூக்கொலி மிகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'மாமா வந்தான்' என்று சொல்லச் செய்தால், இயல்பான குழந்தையின் பேச்சிலும் மூக்கொலி நிறையவே இருக்கும், எதுவும் தெரியாது. மூக்கொலியே இல்லாத வாக்கியம் வேண்டும்: 'தாத்தா கடைக்குப் போறாரு', 'அக்கா சட்டை தைச்சா' என்பவை போல. இப்படிப்பட்ட வாக்கியங்களை நம் பேச்சுவழக்கில் நீங்களே உருவாக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலச் சோதனையை மொழிபெயர்த்தால் அதன் ஒலி நோக்கம் சிதறிவிடும்.

வட்டார வழக்கையும் கோளாறையும் பிரித்தறிவது இதைவிட முக்கியமானது. நம் பகுதியில் பல வீடுகளில் 'வாழைப்பழம்' என்பது 'வாளப்பளம்' என்றோ 'வாயப்பயம்' என்றோதான் ஒலிக்கிறது. 'சோறு' சில வீடுகளில் 'ஸோறு'. ரகர–றகர வேறுபாடு பெரும்பாலானோர் பேச்சில் இல்லவே இல்லை. ஆறு வயதுப் பிள்ளை ழகரத்தைச் சொல்லவில்லை என்று பள்ளி ஆசிரியர் அனுப்பி வைத்தால், முதலில் அந்தப் பிள்ளையின் அம்மாவையும் பாட்டியையும் பேசச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் யாருமே சொல்லாத ஒலியைப் பிள்ளை சொல்லவில்லை என்றால் அது நோயன்று. ஆனால் அதே பிள்ளை 'கல்லு' என்பதைத் 'தல்லு' என்றும் 'கடை' என்பதைத் 'தடை' என்றும் சொன்னால், அது வேறு. பின்னண்ண ஒலியை முன்னுக்குக் கொண்டுவரும் அந்தப் பழக்கம் அந்த வயதில் மறைந்திருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தவறாகக் கணித்தால், நலமான பிள்ளையை மாதக்கணக்கில் கிளினிக்குக்கு அலைய விடுவோம். அல்லது உதவி தேவைப்படும் பிள்ளையை 'ஊர்ப்பேச்சு' என்று திருப்பி அனுப்பிவிடுவோம்.

சொற்களைத் தாண்டி இலக்கணத்துக்கு வந்தாலும் இதே நிலைதான். பக்கவாதத்துக்குப் பின் சொல்லிழந்தவர்களின் பேச்சில் எவை உதிரும் என்று விளக்கும் ஆங்கில நூல், 'தி', 'ஏ' போன்ற சிறு சொற்களும் 'இன்', 'டு' போன்ற முன்னிடைச்சொற்களும் உதிர்வதைச் சொல்லும். தமிழில் அந்த வேலையைச் செய்பவை வேற்றுமை உருபுகளும் வினைமுற்றின் விகுதிகளும். 'மருமக ஆஸ்பத்திரிக்குப் போனா' என்று சொல்ல வேண்டியவர் 'மருமக… ஆஸ்பத்திரி… போ' என்று நிறுத்தினால், 'கு'வும் இறந்தகாலமும் பெண்பால் விகுதியும் ஒருங்கே போய்விட்டதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிரான்சு மருத்துவர் புரோக்கா 1861-இலும் ஜெர்மானியர் வெர்னிக்கே 1874-இலும் மூளையின் பகுதிகளுக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அந்த அடிப்படை எல்லா மொழிக்கும் பொதுவானது. அது ஒரு மொழியில் எப்படி வெளிப்படும் என்பதை அந்த மொழி அறிந்தவர்தான் எழுத வேண்டும்.

பயிற்சியில் பேச்சுத் தமிழையே பயன்படுத்துங்கள். புதிதாகப் பேசத் தொடங்கும் பிள்ளைக்கு 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று கற்பித்தால், வீட்டில் ஒருவரும் அப்படிப் பேசுவதில்லை என்பதால் கற்றது கிளினிக்கிலேயே தங்கிவிடும். 'தண்ணி வேணும்' என்பதே சரி. எழுத்துத் தமிழ் பள்ளிக்குப் போகும்போது வரட்டும்.

இவற்றைக் கற்க நம் பகுதியில் அரிய வசதி உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் திராவிட மொழிகளின் ஒலியியல், கிளைமொழி ஆய்வுகளுக்காக நாடறிந்தது. புதுச்சேரியில் மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சென்னையில் படித்தாலும், விடுமுறையில் ஊருக்கு வரும்போது இவற்றின் நூலகங்களுக்குச் செல்லுங்கள். தமிழ்க் கிளைமொழிகள் பற்றிய பழைய ஆய்வேடுகள் பேச்சு–மொழிச் சிகிச்சை மாணவருக்குப் பொன்னான பொருள். ஆனால் இத்துறை மாணவர்கள் அவற்றைத் தேடிப் போவது குறைவு.

கிளினிக்கில்

முதலாண்டின் பெரும்பகுதி பார்வையாளராக இருப்பதிலேயே கழியும். அதை வீண் நேரம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு நோயாளியைப் பார்த்த பிறகும், மேற்பார்வையாளர் என்ன கேட்டார், ஏன் அதை அந்த இடத்தில் கேட்டார், பதிலைக் கேட்டுச் சோதனையை எப்படி மாற்றினார் என்று மூன்று வரி எழுதி வையுங்கள். பெயர் எழுதாதீர்கள்.

நோயாளியின் பின்னணியைக் கேட்டறிவதே எல்லாவற்றிலும் கடினமான கலை. அங்கே கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று, பெற்றோர் சொந்தத்தில் திருமணம் செய்தவர்களா என்பது. அக்காள் மகளை மணப்பதும், மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பதும் தென்னிந்தியாவில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். மரபுவழிச் செவித்திறன் இழப்புக்கும் நெருங்கிய உறவில் நடக்கும் திருமணத்துக்கும் தொடர்பு உண்டு என்பதால் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதைக் கேட்கும் விதத்தால் ஒரு குடும்பம் உடைந்துபோகலாம். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, இளம் தாயிடம் இதை ஒரு குற்றச்சாட்டுப் போலக் கேட்டுவிட்டால், வீட்டுக்குப் போனதும் பழி யார்மேல் விழும் என்று எண்ணிப் பாருங்கள். கர்ப்ப காலத்தில் காய்ச்சல் வந்ததா, குழந்தை பிறந்ததும் அழுததா, மஞ்சள் காமாலை இருந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது காது கேளாமை உண்டா என்ற கேள்விகளின் வரிசையில் இதையும் அதே குரலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யார்மேலும் தவறில்லை என்பதை அங்கேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

'எங்க வூட்டுக்காரரும் நாலு வயசுலதான் பேசினாராம், இவனும் பேசிடுவான்' என்று ஒரு தாய் சொல்வார். நாக்கில் வசம்பு தேய்த்ததையும் காதில் எண்ணெய் விட்டதையும் இன்னொருவர் சொல்வார். இவற்றைக் கேட்டு முகம் சுளிக்கும் மாணவர் அந்தக் குடும்பத்தை அன்றோடு இழந்துவிடுவார். பிள்ளை பேச வேண்டும் என்ற தவிப்பில் செய்தவை அவை. எண்ணெய் வேண்டாம், காதுக்குக் கேடு என்று காரணத்தோடு சொல்லுங்கள்; காத்திருப்பது ஏன் ஆபத்து என்பதையும் விளக்குங்கள். ஒரு மாதத்துக்குள் செவிச் சோதனை, மூன்று மாதத்துக்குள் நோயறிதல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. முதல் சில ஆண்டுகளில் ஒலி கேட்காமல் வளரும் மூளை, பின்னர் ஒலியைப் பொருளாக மாற்றும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடுவதே அதற்குக் காரணம். முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் சிறு குழந்தைகளுக்கு உள்செவிக் கருவி பொருத்தப்படுவதற்கும் வயது வரம்பு இருப்பது இதனால்தான். பெற்றோருக்கு இந்தத் திட்டத்தின் பெயரும், எந்த அலுவலகத்தில் எந்த ஆவணத்தோடு போக வேண்டும் என்பதும் உங்கள் வாயால் தெரிய வேண்டும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கேட்புக் குறைபாடும் பேச்சு–மொழிக் குறைபாடும் அவற்றுள் உள்ளன. இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை இருந்தால் கேட்புக் குறையுடையவர் என்றும் அச்சட்டம் வரையறுக்கிறது. சான்றிதழுக்காக வருபவரின் உதவித்தொகையும் பேருந்துச் சலுகையும் நீங்கள் எழுதும் எண்ணைப் பொறுத்தே அமையும். அந்தப் பொறுப்போடு சோதியுங்கள். ஒருவர் வேண்டுமென்றே கேளாததுபோல் நடிக்கிறாரோ என்ற ஐயம் எழுந்தால், வாக்குவாதம் செய்யாமல், ஓ.ஏ.இ., பெரா போன்ற, அவருடைய பதிலை எதிர்பாராத சோதனைகளுக்கு அனுப்புங்கள். பெரா என்பது ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் அலைகளைப் பதிவுசெய்வது. ஓ.ஏ.இ. என்பது உட்செவியே வெளியிடும் மெல்லிய ஒலியைப் பதிவுசெய்வது. டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1978-இல் அதை முதலில் அறிவித்தார்.

கருவி பொருத்தும் பயிற்சியில், கடற்கரை ஊர்க்காரர்கள் தனியே கவனிக்க வேண்டியது ஈரம். உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் வியர்வையும் சேர்ந்து காது கேட்கும் கருவியின் குழாயில் நீர்த்துளிகளைத் தேக்கிவிடும். கருவி கெட்டுவிட்டது என்று பெட்டியில் போட்டுவிடுவார்கள். இரவில் மின்கலத்தை எடுத்துவிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள மூடிய டப்பாவில் கருவியை வைக்கும் பழக்கத்தை, முதல் நாளே அவர்கள் கையாலேயே செய்யவைத்துக் காட்டுங்கள். கருவிக்காகக் காதின் அச்செடுக்கும்போது காதுக்குள் பஞ்சுத் தடுப்பு வைக்க ஒருபோதும் மறவாதீர்கள்.

மூன்றாம் ஆண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடுபவர்களுக்கு ஊரே பொருள் தரும். விசைப்படகின் எஞ்சின் அறையில் வேலை செய்யும் மீனவர்கள், நெய்வேலி அனல்மின் நிலையத்திலும் சிப்காட் ஆலைகளிலும் பணியாற்றுவோர் ஆகியோரின் செவித்திறன். சந்தையில் கூவி விற்கும் பெண்களின் குரல்வளம். நாள் முழுதும் உரக்கப் பேசும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் தொண்டை. எட்டு மணி நேரப் பணிக்கு 90 டெசிபல் என்ற வரம்பு தொழிற்சாலை விதிகளில் இருக்கிறது. படகுக்காரருக்கு அந்த வரம்பை அளந்து பார்க்க யாருமில்லை. இரைச்சலால் வரும் இழப்பு முதலில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளமாகத் தோன்றும் என்பதால், அதை ஆடியோகிராமில் எளிதாக அடையாளம் காணலாம்.

பயிற்சியாண்டும் அதன் பிறகும்

நான்காம் ஆண்டில் முடிந்தவரை பெரிய அரசு மருத்துவமனை ஒன்றிலும் சிறப்புப் பள்ளி ஒன்றிலும் இடம் கேளுங்கள். தனியார் கிளினிக்கில் குளிர்ந்த அறையும் புதிய கருவியும் இருக்கும். ஆனால் காலையில் ஐம்பது பேர் காத்திருக்கும் வரிசையில் யாரை முதலில் பார்ப்பது என்று முடிவெடுக்கும் திறன் அங்கே வராது.

முதுநிலையில் செவித்திறனியல், பேச்சு–மொழி நோயியல் என்று இரண்டும் பிரிந்து தனித்தனி இரண்டாண்டுப் பட்டங்களாகின்றன. உடனே முடிவெடுக்க முடியாதவர்கள் ஓராண்டு வேலை பார்த்துவிட்டுச் சேரலாம். அமெரிக்கா செல்ல விரும்புவோர், அங்கே பேச்சு–மொழிச் சிகிச்சைக்கு முதுநிலைப் பட்டமும், அந்நாட்டுச் சங்கமான ஆஷாவின் நெறிப்படி 400 மணி நேரக் கிளினிக் பயிற்சியும், செவித்திறனியலுக்கு முனைவர் நிலைத் தொழிற்பட்டமும் வேண்டும் என்பதை அறிந்து, இங்கே பார்த்த நோயாளிகளின் நேரக் கணக்கை மேற்பார்வையாளரின் கையொப்பத்தோடு முதல் ஆண்டிலிருந்தே பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் அந்தக் கையொப்பத்தைத் தேடிப் போவது மிகவும் சிரமம்.

பட்டம் வந்தவுடன் மறுவாழ்வுக் கழகத்தில் பதிவுக்கு விண்ணப்பித்து, மையப் பதிவேட்டு எண்ணான சி.ஆர்.ஆர். எண்ணைப் பெறுங்கள். அது இல்லாமல் தொழில் செய்வது சட்டப்படி குற்றம். பதிவைக் காலந்தோறும் புதுப்பிக்க, தொடர்கல்விக் கருத்தரங்குகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்க்க வேண்டும்.

வேலை தேடும்போது காது கேட்கும் கருவி விற்பனை நிறுவனங்கள் முதலில் அழைக்கும். மாதச் சம்பளத்தோடு விற்பனை இலக்கும் வரும். அங்கே சேரக் கூடாது என்று சொல்லமாட்டேன். பலருக்குத் தொடக்கம் அதுவே. ஆனால் பத்தாயிரம் ரூபாய்க் கருவி போதுமான ஒரு விவசாயிக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க் கருவியைத் தலையில் கட்டும்படி கேட்கப்பட்டால், மறுக்கும் உரிமை உங்கள் பதிவு எண்ணோடு சேர்ந்தே வந்தது என்று நினைவில் வையுங்கள். சொந்தமாகக் கிளினிக் வைப்பவர்கள் பெயர்ப்பலகையில் பட்டத்தின் பக்கத்தில் சி.ஆர்.ஆர். எண்ணையும், வாசலில் ஒவ்வொரு சோதனைக்கும் பயிற்சி அமர்வுக்கும் ஆகும் கட்டணத்தையும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். விருத்தாசலத்திலிருந்தோ காட்டுமன்னார்கோவிலிலிருந்தோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள், திரும்பிப் போகும் பேருந்துக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.